ஜோடனை

சவடால் வேற, பீலா வேற. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பறவங்களைப் பார்த்தா எனக்கு எரிச்சல் வரும். "வரட்டும் அவன், ஒரு கை பாத்துடறேன்"னு ஆள் இல்லாத நேரத்துல கத்தறது சவடால். "பெரிய முதலாளி எனக்கு ரொம்ப வேண்டியவர், போன வாரம்கூட தோள்ல கை போட்டுப் பேசினார்"னு விடறது பீலா. எங்க சூப்பர்வைசர் பண்றது உதார். சீட்டைக் கிழிச்சிடுவேன்னு தினமும் சொல்வார், இதுவரைக்கும் ஒருத்தர் சீட்டும் கிழியல. இல்லாததை இருக்கிற மாதிரி காட்டிக்கிறது ஜம்பம். ஒரு தும்மல் வந்ததுக்கு ஊரைக் கூட்டறது அலட்டல். இருபத்திரண்டு வருஷமா ஒரே லாண்டரியில நின்னு துணி மடிக்கிறவ நான். கை வேலை பாக்கும், காது சும்மாத்தானே இருக்கும். ஒரு ஆள் வாயைத் திறந்த உடனே இது எந்த வகைன்னு சொல்லிடுவேன்.

என் வீட்டுக்காரரோடது இதுல எதுலயும் சேராது. அவர் பொய் பேச மாட்டார். தன்னைப் பத்திப் பீத்திக்க மாட்டார், யாரையும் மிரட்டவும் தெரியாது. ஆனா ஒரு விஷயத்தை, அது எப்படி இருக்கோ அப்படியே சொல்ல மட்டும் அவரால முடியாது. கரண்ட் போச்சுன்னா "இருள் நம்மை அரவணைத்தது"ம்பார். நான் அதுக்கு வச்ச பேர் ஜோடனை. இப்போ அதை வயித்தெரிச்சலோட சொல்றேன். ஒரு காலத்துல வாயெல்லாம் பல்லா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

எங்க லாண்டரிக்கு ஆஸ்பத்திரித் துணியும் ஹோட்டல் துணியும் வரும். அவர் கேட்டுக்குப் பக்கத்துல ஒரு கண்ணாடி ரூம்ல உக்காந்து, எத்தனை மூட்டை வந்துச்சு, எத்தனை போச்சுன்னு சீட்டு எழுதற வேலை. எல்லாரும் அவரைப் புலவர்னுதான் கூப்பிடுவாங்க. கிண்டலா ஆரம்பிச்சது, போகப் போக நிஜப் பேராவே ஆயிடுச்சு. வேலையை விட்டுப் போறவங்களுக்கு வாழ்த்து எழுதணுமா, செத்துப்போனவங்களுக்கு இரங்கல் எழுதணுமா, அவர்கிட்டதான் வருவாங்க. பாய்லர்ல வேலை பார்த்த பெரியவர் ஓய்வு பெற்ற அன்னைக்கு "நீராவியின் நெஞ்சறிந்த நாயகரே, நெருப்போடு உறவாடிய நேயரே"ன்னு ஆரம்பிச்சு ரெண்டு பக்கம் படிச்சார். பாய்லர்காரர் தேம்பித் தேம்பி அழுதார். அப்புறம் டீ குடிக்கும்போது என்கிட்ட வந்து, "உன் புருஷன் என்னமா எழுதறார்மா, எனக்கு ஒண்ணும் புரியல"ன்னு சொன்னார். அதையும் நாங்க பாராட்டாத்தான் எடுத்துக்கிட்டோம்.

அவர் இப்படி ஆனதுக்கு ஒரு கதை இருக்கு. சின்ன வயசுல, இதுக்கு முன்னாடி பார்த்த வேலையில, அவங்க அம்மா இறந்தப்போ "அம்மா செத்துட்டாங்க, நாலு நாள் லீவு வேணும்"னு எழுதிக் கொடுத்தாராம். அங்க இருந்த அதிகாரி அதை நாலு பேர் முன்னாடி படிச்சுக் காட்டிச் சிரிச்சிருக்கான். ஒரு மரியாதை வேண்டாமா, இப்படியா மொட்டையா எழுதறதுன்னு திருப்பி அனுப்பிட்டான். அந்த அவமானம் அவர் நெஞ்சுல ஆணியா இறங்கிடுச்சு. அதுக்கப்புறம் ஒரு வரியைக்கூட அவர் அலங்காரம் பண்ணாம வெளிய விட்டதில்ல.

என் தம்பி இதுக்கு நேர் எதிர். என்னைவிட எட்டு வயசு சின்னவன். கேட்டா பதில் சொல்வான், கேக்கலன்னா சும்மா இருப்பான். நாங்கதான் அவனை லாண்டரியில சேர்த்துவிட்டோம். துணி பிழியற மெஷின்ல வேலை. துவைச்சு வர்ற துணி தண்ணியோட கல்லு மாதிரி கனக்கும். அதை ஒரு பெரிய இரும்புத் தொட்டிக்குள்ள போட்டா, உள்ள ஓட்டை ஓட்டையா ஒரு கூடை இருக்கும், அது சுத்தற வேகத்துல தண்ணி எல்லாம் வெளிய போயிடும். மேல ஒரு மூடி. கூடை முழுசா நிக்கிறவரைக்கும் அந்த மூடி திறக்கக் கூடாது. அதுக்குன்னு உள்ள ஒரு சுவிட்ச் இருக்கு. அப்படி மூணு மெஷின். தம்பி நிக்கிறது ரெண்டாம் நம்பர்ல.

அந்த ரெண்டாம் நம்பர்ல சுவிட்ச் மக்கர் பண்ண ஆரம்பிச்சுச்சு. பாதி ஓட்டத்துல மெஷினை நிறுத்திடும். துணி தேங்குது, ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் மேல போன். மெக்கானிக் வந்தான், புது சுவிட்ச் வர்றதுக்கு நாளாகும்னான், சுவிட்சுக்குக் குறுக்கால ஒரு ஒயரைச் சுத்தி விட்டுட்டுப் போயிட்டான். அதுக்கப்புறம் மெஷின் எதுக்காகவும் நிக்கல. கூடை சுத்திக்கிட்டிருக்கும்போதே மூடி திறக்கும்.

தம்பி சூப்பர்வைசர்கிட்ட மூணு தடவை சொன்னான். மூணாவது தடவை அவர் சலிச்சுக்கிட்டு, "வாயால சொன்னா நான் யாருக்குன்னு போய்ச் சொல்றது? எழுத்துல கொடு, மேனேஜருக்கு அனுப்பறேன்"ன்னார். எழுத்துன்னா எங்களுக்கு ஒரே ஒரு ஆள்தான்.

அன்னைக்கு சாயந்தரம் எங்க வீட்டுக்கு வந்து, மேஜைக்கு எதிர்ல உக்காந்து தம்பி சொன்னான். "மாமா, ரெண்டாம் நம்பர். சுவிட்ச்ல ஒயர் சுத்தியிருக்கு. மூடி திறந்தா கூடை நிக்கல. ஒன்பது நாளாச்சு. கை போயிடும்." அவ்வளவுதான் அவனுக்குச் சொல்றதுக்கு இருந்துச்சு. அவர் எல்லாத்தையும் குறிச்சுக்கிட்டார். அப்புறம் பேனாவை வச்சுட்டு, "இதை இப்படியே கொடுத்தா குப்பைத் தொட்டிக்குத்தான்டா போகும். சொல்ற விதத்துல சொல்லணும். நீ கவலைப்படாதே"ன்னார். நான் அடுப்படியிலேர்ந்து, "உங்க மாமா எழுதினா மேனேஜர் என்ன, முதலாளியே எழுந்து வருவார் பாரு"ன்னு சொன்னேன்.

மூணு நாள் உக்காந்து எழுதினார். டீ இடைவேளையில துணி வண்டி மேல ஏறி நின்னு படிச்சார். எனக்கு அது மனப்பாடம் ஆயிடுச்சு, வேண்டாம்னாலும் மறக்க மாட்டேங்குது. "ஆதவன் தன் பொற்கரம் நீட்டுமுன்னரே ஆலையின் அழைப்பொலி கேட்டு ஆர்வமுடன் அணிதிரளும் அடியவர்களாகிய யாங்கள், கருணையின் கடலாய், கண்ணியத்தின் கலங்கரை விளக்காய், நிர்வாகத்தின் நிகரற்ற நாயகராய் விளங்கும் தங்கள் திருமுன் சமர்ப்பிக்கும் விண்ணப்ப மடல்." இப்படி ஆறு பத்தி. கம்பெனி வளர்ந்த கதை, மேனேஜரோட பெருந்தன்மை, வெண்மையோட மகிமைன்னு தனியா ஒரு பத்தி. ஏழாவது பத்தியில விஷயம் வந்துச்சு. அதாவது, விஷயம்னு அவர் நினைச்சது வந்துச்சு. "மலர்ப்பாதையில் முள்ளொன்று தென்படுதல் இயற்கையே. ஓயாது சுழலும் சக்கரத்தின் அருகில் நிற்கும் எம் கரங்கள் சிற்சில வேளைகளில் அச்சமெனும் நிழலால் தீண்டப்படுவதைத் தங்கள் தாயுள்ளம் அறியாததன்று. அந்நிழல் அகலத் தங்கள் அருட்பார்வை ஒன்றே போதும்."

கை தட்டினாங்க பாருங்க, கூரை பிச்சுக்கிட்டுப் போற மாதிரி. இஸ்திரி போடற அம்மா ஒருத்தங்க கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. நான் நின்ன இடத்துல நிக்க முடியாம பூரிச்சுப் போயிட்டேன். பேப்பர் கை மாறிக் கை மாறிப் போச்சு. அந்த ஷிஃப்ட்ல இருந்த நாப்பத்தோரு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

மேனேஜருக்குக் கடிதம் கிடைச்ச மறுநாளே என் வீட்டுக்காரருக்கு அழைப்பு வந்துடுச்சு. உக்கார வச்சு, பீங்கான் கப்புல டீ கொடுத்திருக்காங்க. அந்த ரூம்ல அதுவரைக்கும் எங்க ஆளுங்க யாரும் உக்காந்ததே கிடையாது. மேனேஜர் அந்தக் கடிதத்தைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஆடினார். தொழிலாளிங்க தன் மேல இவ்வளவு பாசம் வச்சிருக்காங்கன்னு தனக்கே தெரியாமப் போச்சேன்னாராம். ஃபிரேம் போட்டு நாற்காலிக்குப் பின்னாடி மாட்டிட்டார். கம்பெனி ஆண்டு விழாவுக்கு வரவேற்புரையும் நீங்களே எழுதுங்க புலவரேன்னு கேட்டிருக்கார். அவர் வீட்டுக்கு வந்து அதைச் சொன்னப்போ நான் கேட்ட முதல் கேள்வி, "என்ன கலர் கப்பு?"

மெஷினைப் பத்தி ஏதாவது சொன்னாரான்னு கேக்கணும்னு எனக்குத் தோணல. தம்பிதான் அடுத்த நாள் கேட்டான். "ஆவன செய்வார்டா. பெரிய மனுஷங்ககிட்ட ஒரு தடவை காதுல போட்டாப் போதும், திரும்பத் திரும்ப நச்சரிக்கக் கூடாது"ன்னார் இவர். சூப்பர்வைசர்கிட்ட கேட்டா, "அதான் கடிதம் மேல போயிருக்கே, வரும்"ன்னார். பத்தொன்பது நாள் போச்சு.

அன்னைக்குக் காலையில முதல் லோடு, ஆஸ்பத்திரி பெட்ஷீட். பத்து மணி இருக்கும். நான் மடிக்கிற மேஜையில தலைகாணி உறை எண்ணிக்கிட்டிருந்தேன். மெஷின் சத்தம் மாறினது கேட்டுச்சு. அப்புறம் யாரோ மெயின் சுவிட்சை நிறுத்தச் சொல்லிக் கத்தினாங்க. துணி ஒரு பக்கமா ஒதுங்கி மெஷின் ஆடியிருக்கு, சரி பண்ணலாம்னு தம்பி மூடியைத் தூக்கியிருக்கான். நின்னுடுச்சுன்னு நினைச்சானா, நிக்கப்போகுதுன்னு நினைச்சானா, எனக்குத் தெரியாது. ஒரு பெட்ஷீட் முனை அவன் கையில சுத்திக்கிச்சு. அதுக்கு மேல நான் சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே உயிர் போயிடுச்சு. ரத்தமான அந்த பெட்ஷீட்டுங்க எல்லாம் அதே ஆஸ்பத்திரியோடதுதான்.

அவன் பொண்டாட்டிக்கு நான்தான் போய்ச் சொன்னேன். எப்படிச் சொல்றதுன்னு யோசிக்கல. "உன் புருஷன் செத்துட்டான்மா, மெஷின்ல கை மாட்டிக்கிச்சு"ன்னு சொன்னேன். அவங்களுக்கு நாலு வயசுல ஒரு பொண்ணு. அது சுவத்துல கலர் பென்சிலால கிறுக்கிக்கிட்டிருந்துச்சு, நிறுத்தல.

மறுநாள் நோட்டீஸ் போர்டுல ஒரு இரங்கல் ஒட்டியிருந்துச்சு. "உழைப்பின் வேள்வித்தீயில் தன்னையே ஆகுதியாக்கிய உத்தமத் தோழரே"ன்னு ஆரம்பம். கையெழுத்தைப் பாக்கவே வேண்டியதில்ல. மேனேஜர் கேட்டாராம், அவன் உடம்பு ஆஸ்பத்திரியில இருக்கும்போதே இவர் கேட் ரூம்ல உக்காந்து எழுதிக் கொடுத்திருக்கார். அழுதுக்கிட்டே எழுதினதாச் சொன்னாங்க. இருக்கலாம். நான் அதைக் கிழிச்சு, சுருட்டி, அழுக்குத்துணி வண்டியில போட்டேன். வீட்டுக்கு வந்து அவரை வாய்க்கு வந்தபடி கேட்டேன். சவடால், பீலா, ஜம்பம்னு எனக்குத் தெரிஞ்ச வார்த்தை எல்லாத்தையும் அவர் மேல கொட்டினேன். எதுவும் அவருக்குப் பொருந்தலன்னு எனக்கே தெரியும். அவர் தலை குனிஞ்சு, "வேற எப்படி எழுதறதுன்னு எனக்குத் தெரியலடி"ன்னார்.

ஒரு வாரம் கழிச்சு கம்பெனி தன் தரப்பைச் சொல்லிடுச்சு. மெஷின்ல எந்தப் பழுதும் இல்ல, யாரும் புகார் கொடுக்கல, ஓடற மெஷினுக்குள்ள கையை விட்டது அந்த ஆளோட கவனக்குறைவு. ஒயரை அவன் செத்த அன்னைக்கு மத்தியானமே எடுத்துட்டாங்க. எங்கேயோ புது சுவிட்ச் கிடைச்சு, ரெண்டு மணி நேரத்துல மாட்டியும் ஆச்சு. நாளாகும்னு சொன்னானே மெக்கானிக், அதே மெக்கானிக்தான்.

தம்பி பொண்டாட்டி அதைக் கேட்டுட்டு ஆடிப் போயிட்டா. அவன் போன துக்கத்தைவிட இது அவளை அதிகமா அறுத்துச்சு. "அண்ணி, அவர் சோத்துல ஒரு கல்லு இருந்தாக்கூடப் பார்த்து எடுத்து வைக்கிறவர். அவரா கவனம் இல்லாதவர்? நாளைக்கு இவ வளர்ந்து கேட்டா, உங்க அப்பா பாக்காம கையை விட்டுட்டார்னு நான் சொல்லணுமா?" அவளுக்கு வேண்டியது அது ஒண்ணுதான். தப்பு அவன் மேல இல்லன்னு ஒரு பேப்பர்ல, ஒரு அதிகாரி கையெழுத்தோட, இருக்கணும்.

நான் அவ கையைப் பிடிச்சுச் சொன்னேன். "புகார் கொடுக்கலன்னு அவங்க எப்படிச் சொல்ல முடியும்? நாப்பத்தோரு பேர் கையெழுத்துப் போட்ட கடிதம் மேனேஜர் தலைக்கு மேலயே தொங்குது. எங்க போய் ஒளிப்பாங்க?" அன்னைக்குத்தான் அவ ஒரு வாய் சாப்பிட்டா.

தம்பி சாவைப் பத்தின விசாரணை அரசாங்க ஆபீஸ்ல, ரெண்டாவது மாடியில ஒரு ரூம்ல நடந்துச்சு. நீளமான மேஜை, ஒரு பக்கம் கால் ஆடும். மடிச்ச அட்டையை அடியில வச்சிருந்தாங்க. அதிகாரி ஒரு அம்மா. ஜலதோஷம் போல, அடிக்கடி கைக்குட்டையை எடுப்பாங்க. கெட்டவங்க இல்ல. தம்பி பொண்டாட்டிக்குத் தண்ணி கொண்டுவரச் சொன்னாங்க, குழந்தைக்கு ஒரு பேப்பரும் பென்சிலும் கொடுத்தாங்க. எதிர்ல மேனேஜர், பக்கத்துல கம்பெனி வக்கீல், பின்னாடி சூப்பர்வைசரும் மெக்கானிக்கும்.

ஒயரே சுத்தலன்னு மெக்கானிக் கண்ணு இமைக்காம சொன்னான். தன்கிட்ட யாரும் வாயால எதுவும் சொன்னதில்லன்னு சூப்பர்வைசர் சொன்னார். எங்க ஆளுங்கள்ல ரெண்டு பேர் தைரியமா வந்தாங்க. ஒயரை நீங்க கண்ணால பார்த்தீங்களான்னு வக்கீல் கேட்டதும், கேள்விப்பட்டோம்னு இழுத்தாங்க. அடுத்த நாள் அதே மேனேஜருக்குக் கீழதானே வேலை பாக்கணும். நானும் என் வீட்டுக்காரரும் சொன்னா, சொந்தக்காரங்கன்னு ஆயிடுது. அதிகாரி கடைசியில பேனாவைக் கீழ வச்சுட்டாங்க. "வாயால சொல்றதுக்கு ரெண்டு பக்கமும் ஆள் இருக்காங்க. எழுத்துல ஏதாவது இருக்கா?"

"இருக்கு மேடம்"னு நான் சொன்னேன். சந்தோஷமா சொன்னேன்.

வக்கீலே எடுத்துக் கொடுத்தார். ஃபிரேமைக் கழட்டி பேப்பரைக் கொண்டுவந்திருந்தாங்க. நமக்குச் சாதகமானதை அவங்க ஏன் இவ்வளவு பத்திரமா எடுத்துக்கிட்டு வரணும்? வக்கீல் முழுசா, நிதானமா, ஏத்த இறக்கத்தோட படிச்சார். நல்லாவே படிச்சார். ஆதவன், பொற்கரம், கருணையின் கடல். ஜன்னலுக்கு வெளிய லாரி ஒண்ணு பின்னால எடுக்கிற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. ஏழாவது பத்தி அரை நிமிஷத்துல முடிஞ்சுபோச்சு.

"ஐயா, இதை நீங்கதானே எழுதினீங்க?"ன்னு அதிகாரி கேட்டாங்க.

"ஆமாங்க."

"இதுல சக்கரம்னா என்ன?"

"பிழியற மெஷின்ங்க. ரெண்டாம் நம்பர்."

"ரெண்டாம் நம்பர்னு எங்க இருக்கு?"

வக்கீல் பதமா இடையில புகுந்தார். "மேடம், லாண்டரியில சுத்தாதது எது? துவைக்கிற மெஷின் சுத்தும், காய வைக்கிற மெஷின் சுத்தும், ஃபேன் சுத்தும், தள்ளுவண்டிச் சக்கரமும் சுத்தும்."

"சுவிட்ச், ஒயர், மூடி, இந்த மூணுல ஏதாவது ஒரு வார்த்தை இதுல இருக்காங்கய்யா?" அதிகாரி அம்மா குரல்ல கோவம் இல்ல. கொஞ்சம் கெஞ்சற மாதிரிகூட இருந்துச்சு. "சரி, அதை விடுங்க. இப்போ உங்க வாயால, ஒரே வரியில, மெஷின்ல என்ன கோளாறுன்னு நீங்க கம்பெனிக்குத் தெரிவிக்க நினைச்சீங்க, சொல்லுங்க."

அவர் எழுந்து நின்னார். சட்டைப் பொத்தானைச் சரி பண்ணிக்கிட்டார். எனக்குத் தெரிஞ்சுபோச்சு. "பெருமதிப்பிற்குரிய அம்மையீர் அவர்களே, நீதியின் நிழல் தேடி வந்திருக்கும் எம் போன்ற எளியோரின் இதயக் குமுறலை..." பயந்தா சில பேருக்கு நாக்கு குழறும், சில பேருக்கு வியர்க்கும். இவருக்கு ஜோடனை வரும். மேனேஜர் கீழ குனிஞ்சுக்கிட்டார், சிரிக்கிறார்னு தோள் ஆடினதுல தெரிஞ்சுது. அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினாங்க. அவர் வாய் அதுக்கப்புறமும் ரெண்டு மூணு தடவை திறந்து மூடுச்சு. எனக்கு அவரை அங்கயே அறையணும்போல இருந்துச்சு. அழவும் வந்துச்சு.

அப்புறம் அவங்க என் பக்கம் திரும்பினாங்க. "இதுல உங்க கையெழுத்தும் இருக்கு. நீங்க இதைப் படிச்சீங்களா?"

"படிச்சேன் மேடம்."

"படிச்சப்போ, ரெண்டாம் நம்பர் மெஷின்ல சுவிட்ச் வேலை செய்யல, ஆளுக்கு ஆபத்துன்னு உங்களுக்குப் புரிஞ்சுதா?"

தம்பி பொண்டாட்டி என்னையே பார்த்தா. "புரிஞ்சுது"ன்னேன்.

"எந்த வரியில?"

பேப்பரை என் பக்கமாத் தள்ளினாங்க. நான் எடுத்தேன். இருக்காதுன்னு தெரிஞ்சும் தேடினேன். முதல் பக்கம், அப்புறம் பின் பக்கம், மறுபடியும் முதல் பக்கம். ஒவ்வொரு வரியா விரலை வச்சுக்கிட்டே போனேன். குழந்தை பென்சிலைத் தேய்க்கிறது மட்டும் கேட்டுச்சு. அதிகாரி அம்மா அவசரப்படுத்தல. அவங்க அவசரப்படுத்தியிருந்தாத் தேவலைன்னு இருந்துச்சு. எவ்வளவு நேரம்னு தெரியாது. கடைசியில பேப்பரை அப்படியே மேஜையில வச்சுட்டேன்.

"உக்காருங்க"ன்னாங்க.

தீர்ப்பு ஆறு வாரம் கழிச்சு தபால்ல வந்துச்சு. அதுக்குள்ள எங்க வீட்ல பேச்சு வார்த்தை ரொம்பக் குறைஞ்சுபோச்சு. ஆண்டு விழா வரவேற்புரையை எழுத முடியாதுன்னு அவர் சொல்லி அனுப்பிட்டார். எனக்கு அதுல ஒரு ஆறுதலும் இல்ல. வேலைக்குப் போவோம், வருவோம். நான் ரெண்டாம் நம்பரைத் தாண்டித்தான் என் மேஜைக்குப் போகணும். அங்க இப்போ வேற ஒரு ஆள் நிக்கிறான்.

தம்பி பொண்டாட்டி உறையைப் பிரிக்காமலே எடுத்துக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்தா. ஞாயித்துக்கிழமை, மத்தியானம். அவர் மேஜைக்குப் பக்கத்துல உக்காந்திருந்தார். "நீங்களே படிங்க அண்ணி"ன்னு என்கிட்ட நீட்டினா. நாலு பக்கம். "மேற்படி தொழிலாளி பணியிடப் பாதுகாப்பு நெறிமுறைகளைப் பேணுவதில் காட்டிய கவனச்சிதறலே இத்துயர நிகழ்வுக்கு ஏதுவாக அமைந்திருக்கக்கூடும் எனக் கருத இடமுண்டாகிறது, இயந்திரப் பழுது குறித்து நிர்வாகத்தின் கவனத்திற்கு முன்னதாக எவ்விதக் குறிப்பான தகவலும் கொண்டுவரப்பட்டதாக ஆவணங்கள்வழி நிறுவப்படவில்லை." நான் அதை ரெண்டு தடவை சத்தமாப் படிச்சேன்.

"என்ன சொல்றாங்க?"ன்னா.

"தப்பு அவன் மேலதான்னு சொல்றாங்க."

குழந்தை அவ மடியில தூங்கிப்போயிருந்துச்சு, அதோட காலைத் தடவிக்கிட்டே இருந்தா. அப்புறம் அவரைப் பாக்காம என்னைப் பார்த்துக் கேட்டா. "அண்ணன் எழுதினார், சரி. அவருக்கு அப்படித்தான் எழுத வரும். நாப்பத்தோரு பேர் போட்டீங்களே அண்ணி, ஒருத்தருக்குக்கூடத் தெரியலையா? எதுக்காகப் போட்டீங்க?"

"கேக்க நல்லா இருந்துச்சு"ன்னேன்.

அவ தலையை ஆட்டினா. அதோட விட்டிருக்கலாம். உறைக்குள்ள கடிதத்தோட நகலும் வச்சு அனுப்பியிருந்தாங்க. அவ அதை எடுத்து, கையெழுத்து இருக்கிற பக்கத்துல ஒவ்வொரு பேரா விரல் வச்சுப் பார்த்துக்கிட்டே போனா. தம்பி பேர்கிட்ட வந்ததும் விரல் நின்னுடுச்சு.

"இவரும் போட்டிருக்காரே. இவருக்குமா நல்லா இருந்துச்சு?"

இதை அதுவரைக்கும் நான் யார்கிட்டயும் சொல்லல. விசாரணையில சொல்லல, என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லல. அன்னைக்கு எல்லாரும் கை தட்டி முடிச்சப்புறம், தம்பி அந்தப் பேப்பரை எடுத்துக்கிட்டு என் மடிக்கிற மேஜைக்கு வந்தான். சத்தம் போடாம, "அக்கா, இதுல ரெண்டாம் நம்பர்னு எங்கயும் இல்ல. ஒயர்னும் இல்ல. மாமாகிட்ட நீ சொல்லேன், ஒரு வரி சேர்த்துக்கலாம்"ன்னான். நான் சுத்தி இருந்தவங்களைப் பார்த்தேன். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டிருந்தாங்க, அவ்வளவு பெருமையில நின்னேன் நான். "எத்தனை பேர் கை தட்டினாங்க, நீ மட்டும் நொட்டை சொல்ல வந்துட்டியா? மூணு நாள் தூங்காம எழுதியிருக்கார். பேசாமப் போடுடா"ன்னு பேனாவை அவன் கையில திணிச்சேன். மேஜையில மடிச்சு வச்சிருந்த துணி மேலயே பேப்பரை வச்சுப் போட்டுட்டுப் போனான்.

இவ்வளவையும் அவகிட்ட சொன்னேன். ஜோடிக்காம, குறைக்காம, இப்போ சொன்ன மாதிரியே சொன்னேன். என் வீட்டுக்காரர் நாற்காலியில அசையாம உக்காந்திருந்தார்.

அவ பேப்பரை மடிச்சா. "அப்போ அவருக்குத் தெரிஞ்சிருக்கு"ன்னா. "அந்தக் கடிதத்தால ஒண்ணும் நடக்காதுன்னு தெரிஞ்சுக்கிட்டே, பத்தொன்பது நாள் அந்த மெஷின்கிட்ட போய் நின்னிருக்கார்."

"ஆமா"ன்னு சொன்னேன்.